இலவசமாகக் கிடைத்த அரை மணித்தியாலம்

என் தம்பியிடமிருந்து விவாகரத்து வாங்க அவன் மனைவிக்கு, என் மச்சாளுக்கு, சட்டத்தரணி தேடி அலைந்தவள் நான்தான். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். இரண்டாயிரத்துப் பதினொன்றில் சிட்னியில் டூங்கபிப் பக்கம் எங்கள் ஆட்களிலேயே சட்டத்தரணிகள் இருந்தார்கள். ஆனால் அந்த வாசலில் யாராவது கண்டுவிட்டால், நாங்கள் கோயிலுக்குப் போக முதலே கதை கோயிலுக்குப் போய்விடும் என்று மச்சாள் பயந்தாள்.

மச்சாளுக்கு வெஸ்ட்மீட்டில் ஆஸ்பத்திரிக் குசினியில் சமைக்கிற வேலை. அரசாங்கச் செலவில் சட்டத்தரணி கிடைப்பதற்கு அந்தச் சம்பளம் கொஞ்சம் கூடிவிட்டது. காசு கொடுத்துப் பிடிப்பதற்கோ காணாது. கடைசியில் பரமட்டாவில், முதல் அரை மணித்தியாலம் இலவசம் என்று போட்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியிடம் போனோம்.

அந்த அரை மணித்தியாலத்தைக் கெடுத்தவளும் நான்தான். மச்சாளுக்கு இங்கிலிஷில் கதைக்கக் கூச்சம் என்று நான் வாயைத் திறந்தேன். எங்கள் ஆட்களுக்கு ஒன்றை நடுவிலிருந்து சொல்ல வருமா? சாதகம் பார்த்ததில் தொடங்கினேன். கலியாண வீட்டில் மழை பெய்ததையும் விடவில்லை. விசா கிடைத்து மச்சாள் சிட்னியில் வந்து இறங்கும்போது அரை மணித்தியாலம் முடிந்துவிட்டது. இனிக் காசு என்று அந்த அம்மா மரியாதையாகச் சொன்னார்.

நான் மாதாமாதம் கட்டிவந்த சீட்டுக் காசை முந்தி எடுத்துக்கொண்டு திரும்பப் போனோம். உள்ளே போய் வாயே திறக்கக் கூடாது என்று மச்சாள் காரிலேயே சொல்லிவிட்டாள். ஆனால் நான் யாரென்று சட்டத்தரணி கேட்டபோது சொல்லத்தானே வேண்டும். புருஷனின் அக்கா என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னை வெளியே இருக்கச் சொன்னார். சீட்டுக் காசு கொடுத்தவளுக்கு வெளியே ஒரு கதிரை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நேரத்தில் மச்சாள் கண் சிவந்து வெளியே வந்தாள். பன்னிரண்டு மாதம் பிரிந்திருந்தால்தான் இந்த நாட்டில் விவாகரத்து. அவர்கள் ஒரே வீட்டுக்குள் பிரிந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. தம்பியோ, அவள் வீட்டை விட்டுப் போன மூன்று மாதம்தான் கணக்கு என்று நின்றான். திரும்பி வருவாள் என்று அவனுக்கு ஒரு நப்பாசை. ஊரறிய இருவரும் ஒரே காரில் கலியாணங்களுக்குப் போனார்கள், அன்பளிப்புக் காசு வைக்கிற ஒரே என்வலப்பில் இரண்டு பெயர் எழுதினார்கள். பிரிந்திருந்ததை அறிந்த ஒருவர் கோட்டுக்குச் சத்தியக்கடதாசியில் எழுதித் தராவிட்டால் அவள் இன்னும் ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும்.

"மச்சாள், உங்களுக்கு மட்டும்தான் தெரியும்," என்றாள். "தம்பிக்கு எதிரா எழுதச் சொல்லி உங்களைக் கேக்க எனக்கு வாய் வரேல்லை. ஆனா இப்பிடி இன்னும் இழுபட என்னால ஏலாது."

எனக்குத் தெரியும்தான். தம்பி இரவில் படுக்கிற செற்றிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த அவன் தலையணையைக் கண்டிருக்கிறேன். குசினியில் இரண்டு ரைஸ் குக்கர் இருந்தது. எல்லாம் கண்டுவிட்டு, அவை நல்லா இருக்கினம் என்று ஊருக்குச் சொன்னது நான். வெளியே போனால் ஒரே காரில் போங்கள் என்று வற்புறுத்தியதும் நான்.

அடுத்த கிழமை அந்தக் கடதாசியில் கையெழுத்து வைத்தேன். வைத்த கையோடு தம்பிக்கு நானே போன் பண்ணினேன். வேறு யாரும் சொல்லி அவன் அறியக் கூடாது.

"உன்னைப் பற்றி நான் ஒரு பொய்யும் எழுதேல்லை," என்றேன். "இவ்வளவு நாளும் சனத்துக்குச் சொன்னதுதான் பொய்."

அவன் "ஓம் அக்கா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தான். அதற்குப் பிறகு அவன் வழக்காடவில்லை. அவனை நினைத்து அன்றைக்கு நான் அழுதேன்.

தீர்ப்புக் கடிதம் வந்த அன்று மச்சாள் அதைக் கொண்டுவந்து காட்டினாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"இனி நான் உங்களை என்னெண்டு கூப்பிடுறது?" என்று கேட்டாள்.

"கோட்டில வெட்டினது உங்கட கலியாணத்தை. என்னையில்லை," என்றேன். "வாரும், வந்து சாப்பிடும்."

மச்சாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.