கிடைத்த பிறகும் நடப்பது

பொறாமை கெட்ட குணம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மெல்பர்னில் இருக்கும் என் தோழியை நினைத்தால் வயிறு எரிகிறது. கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். அங்கே போய் ஒரு பெண்ணைச் சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டாள். ஒரு வீடு, ஒரு மகள், மகளின் பிறப்புப் பத்திரத்தில் இருவர் பெயரும். நானும் என் துணைவியும் இங்கே மலேசியாவில், கூலாயில், எத்தனையோ வருடமாக ஒரே வீட்டில் வாழ்கிறோம். அக்கம்பக்கத்தில் கேட்டால், ஒரே ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்கள், வாடகையைப் பிரித்துக்கொள்கிறார்கள் என்பார்கள். நாங்கள் சொல்லிவைத்த பதில்தான் அது.

இந்த வருடம் தைப்பூசத்துக்குத் தோழி பக்கத்து ஊரான குளுவாங்கில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். மனைவிக்கு லீவு கிடைக்காததால் தனியாகத்தான் வந்தாள். மகள் நல்லபடியாகப் பிறந்தால் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாளாம். மஞ்சள் புடவை கட்டி அவள் வெறுங்காலோடு நடக்க, அவளுடைய செருப்பை ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு நான் பக்கத்தில் நடந்தேன். என் துணைவியும் வந்திருந்தாள். கூட்டத்தில் என் சொந்தக்காரர்கள் இருந்ததால், வழக்கம்போல் தள்ளிப் பின்னால் வந்தாள்.

கோயில் சாப்பாடு முடிந்து மூவரும் என் காரில் உட்கார்ந்திருந்தோம். தோழி அடுத்த வாரத்தைப் பற்றிச் சலித்துக்கொண்டாள். அவள் ஊர் திரும்பும் வாரத்தில் எங்களைப் போன்ற ஜோடிகள் நடக்கிற பிரைட் ஊர்வலமாம், ரோட்டையெல்லாம் அடைத்துவிடுவார்களாம். நீ போகவில்லையா என்று கேட்டேன்.

"எதுக்கு லா? அதான் எல்லாம் கெடச்சிருச்சே. இப்ப அது சும்மா பலூன், பாட்டு, கம்பெனி விளம்பரம்."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. தட்டு நிறையச் சோறு இருக்கிறவள் பசியில்லை என்று தள்ளிவைப்பதைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"காலையில எதுக்குப் பால்குடம் எடுத்த?" என்றேன். "அதான் புள்ள கெடச்சிருச்சு இல்ல? வீட்லயே தூங்கியிருக்கலாமே."

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் விடவில்லை.

"புள்ள இல்லாதவங்க உன் குடத்தயே பாத்துக்கிட்டு நின்னாங்க. நமக்கும் கெடைக்கும்னு ஒரு நெனப்பு. நாங்களும் இங்கேர்ந்து அப்படித்தான் உங்க ஊரப் பாத்துக்கிட்டு நிக்கிறோம்."

பின் இருக்கையிலிருந்து என் துணைவி என் தோளில் கை வைத்தாள். காருக்குக் கறுப்புக் கண்ணாடி. இல்லாவிட்டால் வைத்திருக்கமாட்டாள். தோழி பையிலிருந்து செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டாள் என்றே நினைத்தேன்.

அடுத்த வாரம் ஒரு வீடியோ அனுப்பினாள். அகலமான ரோடு. இரண்டு பக்கமும் ஜனங்கள் கை ஆட்டுகிறார்கள். போலீஸ்காரர்கள் வழியை ஒதுக்கிக் கொடுத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் என் தோழி மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறாள், வெறுங்காலோடு. அவளுடைய மனைவி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உரசினாற்போல் கூடவே வருகிறாள்.

நான் சொல்லித்தான் நடந்தாள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ போலீஸ்காரரின் சிரிப்பைப் பார்த்தும் பொறாமை, கை ஆட்டிய ஜனங்களைப் பார்த்தும் பொறாமை. எல்லாவற்றுக்கும் மேலே, அந்தச் செருப்பைப் பார்த்து.

என் துணைவியும் சோபாவில் என்னோடு பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் திரை வழக்கம்போல் மூடியிருந்தது.

"அடுத்த வருசம் நீ கொடம் எடு," என்றாள். "செருப்ப நான் தூக்கிட்டு வரேன்."

"நமக்கு இன்னும் ஒண்ணும் கெடைக்கலயே," என்றேன்.

அவள் வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து போட்டாள்.