பந்தயம் பார்ப்பதற்காக

செவ்வாய்க்கிழமை காலை, ஆய்வுக்கூடத்தில் நிலக்கரி மாதிரிகளை உலர்த்தும் அடுப்பைத் திறந்துகொண்டிருந்தேன். எங்கள் உதவியாளர் மாணிக்கம் வாசலிலேயே நின்றார். வழக்கமாக உள்ளே வந்துதான் பேசுவார்.

"ஒர்க்ஷாப் காதர் பாய் பூட்டாரும்மா. காலையில தொழுதுட்டு எழுந்தவரு, அப்படியே செவுத்துல சாஞ்சிட்டாராம்."

மாதிரிகளை எடுக்க வேண்டிய நேரம் அது. எடுத்தேன், ஆறவிட்டேன், எடை போட்டேன், குறிப்பேட்டில் எழுதினேன். பிறகுதான் உட்கார்ந்தேன். எங்காவது பிசகியிருப்பேனோ என்று மறுநாள் அதே மாதிரியை மீண்டும் சோதித்தேன். எண்கள் சரியாகவே இருந்தன. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

இறந்தவரிடம் குறையே இல்லாததுபோல நம் டவுன்ஷிப் இதழில் எழுதுவது வழக்கம். எனக்கு அது வராது. காதர் மொய்தீன் முன்கோபி, பிடிவாதக்காரர். கனரக வண்டிகள் பழுதுபார்க்கும் பிரிவில் அவருக்குக் கீழே வேலை பார்த்த உங்களில் பலர் அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள். தாமே ஓட்டி பிரேக்கைப் பார்க்காமல் ஒரு லாரியையும் அவர் மைன்ஸுக்கு அனுப்பியதில்லை. அதனால் ஷிஃப்ட் தாமதமாகி மேலதிகாரிகளிடம் அவர் பேச்சு கேட்டதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் எழுத வந்தது வேறு. ஜெர்மனிக்குப் போய் ஒரு கார் பந்தயம் பார்க்க வேண்டும் என்று அவர் நான்கு ஆண்டுகள் திட்டமிட்டார். டவுன்ஷிப் முழுவதும் அதைச் சொல்லிச் சிரித்தது. கைக்கு வந்த பயணம் ஏன் நடக்காமல் போனது என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆகவே நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரிய மண்வெட்டும் இயந்திரத்தை நிறுவ வந்த ஜெர்மானியர்களில் ஹெல்முட் என்றொரு ஃபிட்டர் இருந்தார். அவரும் காதர் பாயும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே இரண்டு ஆண்டுகள் நட்பாக இருந்தார்கள். ஹெல்முட் ஊர் திரும்பியதும் கடிதம் வந்தது. கல்லூரியில் வேதியியல் சஞ்சிகைகளைப் படிப்பதற்காக நான் ஜெர்மன் கற்றிருந்தேன் என்று யாரோ சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை காதர் பாய் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கடிதத்தை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

எனக்குத் தெரிந்த ஜெர்மனில் அமிலங்களும் வெப்பநிலைகளும்தான் உண்டு. ஹெல்முட் எழுதியிருந்ததோ மாமியாரின் மூட்டுவலியைப் பற்றி. வரிக்கு வரி அகராதியைப் புரட்டினேன். காதர் பாய் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுவுல எங்கயாச்சும் ஆசிட்டுன்னு வருதாங்கம்மா? வந்தா உங்களுக்குக் கொஞ்சம் சௌகரியமா இருக்கும்."

நான் அதிகம் சிரிப்பவள் அல்ல. அன்று சிரித்தேன்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. தம் ஊருக்கு அருகே, காட்டு மலைகளைச் சுற்றிப் போகும் பாதையில் கோடைதோறும் கார் பந்தயம் நடக்கும். வந்து தம் வீட்டில் தங்கினால் இருவரும் சேர்ந்து பார்க்கலாம் என்று ஹெல்முட் எழுதியிருந்தார். விடைபெறும்போது எல்லோரும் சொல்லும் உபசாரம் என்றே நான் எடுத்துக்கொண்டேன். காதர் பாய் அந்த வரியை மீண்டும் படிக்கச் சொன்னார்.

"கூப்ட்டுட்டாருங்க. போவணும்."

"அதில் என்ன பாய் இருக்கிறது? சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். கடைசியில் கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்பார்கள்."

"நீங்களும் தெனம் லேபுக்குப் போயிட்டு வூட்டுக்குத்தான வரீங்க?"

அடுத்த கடிதத்தோடு பந்தயப் பாதையின் வரைபடம் ஒன்று வந்தது. அதை அவர் மாதக்கணக்கில் படித்தார். எந்த வளைவில் நிற்பது என்பதுதான் அவர் கேள்வி. வண்டிகள் பறக்கும் நேர்ப்பாதையிலும், வெற்றி பெற்றவர் வந்து சேரும் இடத்திலும் அவருக்கு அக்கறை இல்லை. நான் ஏன் என்று கேட்டதற்குப் பதிலாக, ஒரு நாள் மதிய இடைவேளையில் மைன்ஸின் விளிம்புக்கு அழைத்துப் போனார். கீழே சரிவுப் பாதையில் லாரிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

"வண்டியப் பாக்காதீங்கம்மா. கண்ண மூடிகினு சத்தத்த மட்டும் கேளுங்க."

கேட்டேன். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்.

"இப்ப ஒரு வண்டி வருது. வளைவுக்கு ரொம்ப முன்னாடியே சத்தம் கொறையுது பாருங்க. அவன் பயப்படறவன். நல்ல டிரைவரு. பின்னாடி வரவன் கடைசி வரைக்கும் வுட்டுட்டு அப்புறம் அமுக்குவான். அவன நான் சாயந்திரம் கூப்ட்டு நாலு வார்த்தை கேக்கணும்."

அரை மணி நேரத்தில் எனக்கும் அந்த வேறுபாடு கேட்கத் தொடங்கியது. ஒரு மனிதன் எந்த இடத்தில் பயப்படுகிறான் என்பதைக் காதால் அறிய முடியும் என்று அதுவரை நான் எண்ணியதில்லை. "ஒலகத்துலயே வேகமா ஓட்டறவன் எங்க பயப்படறான்னு பாக்கணும்மா, அதுக்குத்தான்," என்றார். மலையிலிருந்து இறங்கிப் பாலத்துக்கு முன் திரும்பும் ஒரு வளைவை வரைபடத்தில் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பயணத்தைப் பற்றி நான் கேலி பேசவில்லை.

கேலி பேச மற்றவர்கள் இருந்தார்கள். பெருநாளன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பண்ருட்டியில் துணிக்கடை வைத்திருக்கும் அவருடைய மைத்துனர் என் முன்னாலேயே ஆரம்பித்தார்.

"கப்பல் ஏறறவன் மக்காவுக்கு ஏறுவான். எங்க மச்சான் மட்டும் காரு சுத்தறதப் பாக்க ஏறப்போறாரு."

"அதுக்கு ஆண்டவன் கூப்புடுவான், அப்ப போவேன்," என்றார் காதர் பாய். "இது நானா ஆசைப்பட்டது. இத அதோட சேக்காத."

அடுக்களையிலிருந்து அவர் மனைவி ஹாஜிரா, "எதுக்குப் போனாலும் சரி, முழுசா வந்து சேருங்க. எனக்கு அது போதும்," என்றார்.

கடவுச்சீட்டு சிரமமில்லாமல் கிடைத்தது. ஹெல்முட் தங்குமிடமும் உணவும் பார்த்துக்கொள்வதாக எழுதித் தந்திருந்தார். ஆனால் நாட்டில் அந்நியச் செலாவணி இல்லாத காலம் இது. கப்பல் சீட்டு வாங்குவதற்கே சென்னையிலிருந்து அனுமதி வர வேண்டும். விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் நிரப்பியவள் நான்தான். "மோட்டார் பந்தயம் பார்ப்பதற்காக" என்றார். இன்றியமையாத பயணம் அன்று என்று பதில் வந்தது. மறு ஆண்டும் அதே நோக்கம், அதே பதில். அலுவலகத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வைத்தியம் என்று போடுங்கள், பாய். பயிற்சி என்று போடுங்கள். "எனக்கு ஒடம்பு நல்லாத்தான இருக்கு?" என்பார் அவர்.

அந்த வளைவில் அவர் ஒரு நாளாவது நிற்க வேண்டும் என்ற ஆசை இதற்குள் எனக்கும் வந்துவிட்டது. கல்லூரியில் என்னோடு படித்த ஒருவர் இத்தகைய அனுமதிகளை வழங்கும் இடத்தில் உயர் பதவியில் இருந்தார். மூன்றாவது விண்ணப்பம் போனபோது காதர் பாய்க்குத் தெரியாமல் நான் அவருக்குக் கடிதம் எழுதினேன். சரிவுப் பாதையில் ஓடும் சுரங்க லாரிகளின் பிரேக்கைப் பற்றி இந்த ஃபோர்மன் அங்கே நேரில் அறிந்துவருவது நம் தொழிலுக்குப் பயன்படும் என்று, தொழில்நுட்பச் சொற்களெல்லாம் சேர்த்து, ஒரு பக்கம். சொந்தக் காரியத்துக்காகக்கூட நான் யாரிடமும் சலுகை கேட்டதில்லை. இதைச் செய்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மூன்று வாரத்தில் அனுமதி வந்தது. அன்று மாலையே காதர் பாய் அதை எடுத்துக்கொண்டு வந்தார். முகத்தில் மகிழ்ச்சி இருக்கும் என்று எதிர்பார்த்து நான் எழுந்து நின்றேன்.

"நோக்கம்னு போட்டு நீளமா என்னமோ எழுதியிருக்குங்களே, படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "நீங்களாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"இதுல இருக்கறது என் பேருதான். ஆளு நான் இல்லீங்க."

"பிரேக்கைப் பார்க்கத்தானே பாய் போகிறீர்கள்? நீங்களே சொன்னதுதானே? இதில் என்ன பொய்?"

"பாக்கறது பிரேக்குதாங்க. போறது அதுக்கில்ல."

நான் வாதாடினேன். யாருக்கும் கெடுதல் இல்லையே என்றேன். அவர் உட்காரவே இல்லை. இந்த ஊருக்கு வருவதற்கு முன் எங்கோ ஓர் அணைக்கட்டு வேலையில் இருந்தபோது நடந்ததை அப்போதுதான் சொன்னார்.

"வண்டிங்க வரிசையா நின்னுகினு இருக்கு. மேல இருந்து கத்தறாங்க. ஒரு வண்டிக்கு மட்டும் பிரேக் பாக்கல. பாத்தேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். எறக்கத்துல போயிடுச்சு. ஓட்டனவன் செத்துட்டான். கல்யாணமாயி மூணு மாசம். பிரேக்குதான் காரணமா, அவன் அசந்துட்டானா, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. விசாரணையில என் கையெழுத்தக் காட்டி, பிரேக் நல்லா இருந்துச்சு, தப்பு அவன் மேலதான்னு முடிச்சிட்டாங்க. அந்தக் கையெழுத்து என்னக் காப்பாத்திடுச்சும்மா."

என் கையிலிருந்த தாளைக் காட்டி, "இந்தப் பேப்பர வச்சிகினு அங்க போயி நின்னா எனக்கு காரு தெரியாதுங்க. இந்தப் பேப்பருதான் தெரியும்," என்றார்.

ஒரு நிகழ்ச்சி ஒரு மனிதனை முழுவதும் விளக்கிவிடும் என்று நான் நம்புவதில்லை. அதற்கு முன்பே அவர் அப்படிப்பட்டவராக இருந்திருக்கலாம். எப்படியானாலும் அனுமதியைத் திருப்பி அனுப்பும் கடிதத்தையும் ஆங்கிலத்தில் நானே எழுத வேண்டியிருந்தது. "உங்க பேரு அதுல வரக் கூடாது. அனுமதி குடுத்த அந்தப் பெரியவருக்கும் சங்கடம் வேணாம்," என்றார். இதில் காணும் நோக்கம் என்னுடையது அன்று என்று ஒரே வரி எழுதினோம். கையெழுத்துப் போட்டுவிட்டு வரைபடத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அந்தக் கோடையில் பந்தயம் நடந்தது. அவர் ஒர்க்ஷாப்பில் இருந்தார்.

அதன்பின் சில மாதங்கள் அவர் என் வீட்டுக்கு வரவில்லை. ஹெல்முட்டின் கடிதங்கள் வந்துகொண்டுதான் இருந்தன என்பதை மாணிக்கம் சொல்லி அறிந்தேன். அவற்றை யாரும் படித்துச் சொல்லவில்லை. ஒரு நாள் நானே ஒர்க்ஷாப்புக்குப் போனேன். இரண்டு லாரிகளுக்கு நடுவே நின்று, செய்தது தவறு என்று சொன்னேன். பழகாத வார்த்தை, சரியாக வந்ததா என்று தெரியவில்லை. அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"விடுங்கம்மா. எனக்காகச் செஞ்சீங்க. என்னக் கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். அது தெரிஞ்சுதான நீங்க கேக்கல?"

அந்த வாரக் கடைசியில் நான்கு கடிதங்களோடு வந்தார். புதிய விண்ணப்பமும் எழுதினோம். பந்தயம் பார்ப்பதற்காக என்று சொன்னவர், "வேற ஒண்ணுக்கும் இல்லன்னும் சேத்துப் போடுங்க," என்றார். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. வந்தாலும் என்ன பதில் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

செவ்வாய் மாலை ஹாஜிராவைப் பார்த்துவிட்டு வந்தேன். "இந்தத் தடவ கண்டிப்பா கெடைக்கும்னு சொல்லிகினே இருந்தாரு," என்று மட்டும் சொன்னார். வரைபடமும் கடிதங்களும் அவரிடம் இருக்கின்றன. அவை அங்கேதான் இருக்க வேண்டும்.

புதன்கிழமை வேலைக்குப் போனேன். மதியம்வரை முயன்றுவிட்டு மறுநாளுக்கு விடுப்பு எழுதினேன். நான் நின்றுகொண்டே எழுதுவதைப் பார்த்த எழுத்தர் உதவ வந்தார்.

"காரணத்துக்குக் காய்ச்சல்னு போட்டுடுங்கம்மா. ஒரு நாளுக்கு யாரும் சர்டிபிகேட் கேக்க மாட்டாங்க."

இத்தனை ஆண்டுகளில் நானும் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன். அன்று, நண்பர் காதர் மொய்தீன் இறந்துவிட்டார், வேலையில் மனம் செல்லவில்லை என்று எழுதினேன். எழுத்தர் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நண்பர்னு வேணாமேம்மா. தெரிஞ்சவர்னு போட்டுக்கலாம். நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

"அப்படியே இருக்கட்டும்," என்றேன்.

காதர் பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான்: கேட்கப்பட்ட கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுவது. ஐம்பதை நெருங்கும் வயதில் வந்து சேர்ந்திருக்கிறது. கை இன்னும் தயங்கத்தான் செய்கிறது. அனுமதி கிடைத்த ஆண்டில் அவர் ஏன் வரவில்லை என்பதை ஹெல்முட்டுக்கு நாங்கள் எழுதவே இல்லை. வியாழக்கிழமை முழுவதும் வீட்டில் உட்கார்ந்து, நண்பர் இறந்த செய்தியோடு அதையும் எழுதினேன். அதில் நான் செய்தது என்ன என்பதை, எனக்குத் தெரிந்த ஜெர்மனில், ஒன்றையும் விடாமல் எழுதிக் கையெழுத்திட்டேன்.