பொட்டு வைத்த நாற்பது மூடிகள்

யோகலட்சுமிக்கு மெதுவாகப் பேச வராது. ஆர்.கே.பேட்டையில் பதினாறு வருடம் விசைத்தறிக் கொட்டகையில் நின்றவள்; காதில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். அவள் சமையலறையில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொன்னால் தெருமுனைக் கடைக்காரன் பொட்டலம் கட்டிவிடுவான் என்று அவள் கணவன் வீராசாமி கேலி செய்வான்.

இப்போது அவளுக்கு வேலை, திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகும் சாலையில் ஜெகநாதன் நடத்தும் வெட் பிளாஸ்டிங் பட்டறையில். தண்ணீரில் நுண்ணிய கண்ணாடி மணிகளைக் கலந்து, அழுத்தக் காற்றோடு உலோகத்தின்மேல் பீச்சுகிற வேலை அது. எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் வார்ப்பின் தழும்பும் போய், உலோகம் ஒரே சீராக, பளபளப்பில்லாத வெள்ளை நிறத்துக்கு வந்துவிடும். அப்படி வந்தால்தான் அதன்மேல் பெயிண்ட் பிடித்து நிற்கும். பம்பு மூடி, வால்வு, பால் பண்ணைக்குப் போகும் ஸ்டீல் குழாய் என்று தினமும் ஏதாவது வந்து இறங்கும். கண்ணாடி சன்னல் வைத்த இரும்புப் பெட்டிக்குள் இரண்டு ரப்பர் கைகள் தொங்கும். அவற்றுக்குள் தன் கைகளை நுழைத்துக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை நிற்பாள். மற்றவர்கள் பீச்சுகிற சத்தத்தை வைத்து அழுத்தம் பார்ப்பார்கள். இவளுக்குக் காது உதவாது, மணிக்கட்டின் அதிர்வே சொல்லிவிடும்.

இந்த வேலைக்குப் போவதாக அவள் சொன்ன அன்று வீராசாமி சோற்றைத் தொடவில்லை. அவனும் இதே தொழில்தான் செய்தான். ஆனால் அது தண்ணீர் இல்லாத வேலை. அம்பத்தூர் பக்கம் பதினொரு வருடம், முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, உலர்ந்த மணலை அடித்தான். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போய்க் குடியேறிவிட்டது. ஆடிக் கிருத்திகைக்குத் தோளில் காவடியோடு மலைப்படி முழுவதும் நிற்காமல் ஏறிய மனிதன், இன்று தெருக்குழாய்வரை போவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறான்.

முதல் நாள் அவள் வேலை முடிந்து வந்ததும் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கி, ஓங்கித் தட்டினான். ஒன்றும் பறக்கவில்லை. இன்னொரு முறை தட்டினான்.

"ஈரமா கீதுடி. தூசியே இல்ல," என்றான். சொல்லிவிட்டு அழுதான்.

அன்றிலிருந்து அந்த இரும்புப் பெட்டிமேல் அவளுக்குப் பக்தி. காலையில் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ரப்பர் கைக்குள் கையை விடுவாள்.

பட்டறையில் ஒரே ஒரு சட்டம்தான். பீச்சி முடித்த உலோகத்தை வெறுங்கையால் தொடக்கூடாது. விரலில் இருக்கிற எண்ணெய் பட்டால் அந்த இடத்தில் பெயிண்ட் நிற்காது. சட்டம் போட்டவர் ஜெகநாதன், ஆனால் காவல் காத்தவள் யோகலட்சுமி. சாமான்களை நல்ல தண்ணீரில் அலசிக் காற்றடித்துக் காயவைக்கிற சுதாகர் ஒருமுறை கையுறையில்லாமல் ஒரு வால்வைத் தூக்கிவிட்டான். அவள் போட்ட கூச்சலில் எதிர்ச்சாரி டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

ஆயுத பூஜை முடிந்து மூன்றாவது வாரம், வேன் ஒன்று வந்து நாற்பது அலுமினிய மூடிகளை இறக்கிவிட்டுப் போனது. பம்புக் கம்பெனி திருப்பி அனுப்பியிருந்தது. எல்லா மூடியிலும் நெற்றிபோல் இருந்த நடு உச்சியில், ஒரு சின்ன வட்டத்துக்கு நீலப் பெயிண்ட் உரிந்து போயிருந்தது.

ஜெகநாதனுக்குக் கோபம் வந்தால் யோசனை நின்றுவிடும். "தண்ணிய காயவெக்காம அனுப்பிக்கீற. அதான் பெயிண்டு தூக்கினு வந்துட்ச்சு," என்று சுதாகர்மேல் பாய்ந்தார். "நாளைலர்ந்து வராத. போ."

தண்ணீர்தான் நின்றிருக்கும் என்று சுதாகரும் நம்பிவிட்டான் பாவம். அவனுக்கு அது தலை தீபாவளி. அடுத்த வாரம் கனகம்மாசத்திரத்தில் மாமனார் வீட்டு வாசலில் புது மாப்பிள்ளையாகப் போய் நிற்க வேண்டியவன். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி வெளியே போனான்.

யோகலட்சுமி ஒரு மூடியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் நின்றால் நின்ற இடமெல்லாம் உரியும். நாற்பதிலும் ஒரே இடத்தில், அதுவும் அளவெடுத்த மாதிரி வட்டமாகவா உரியும்? கையுறையைக் கழற்றி மோதிர விரலை அந்த வட்டத்தின்மேல் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

ஆயுத பூஜையன்று இயந்திரத்துக்குப் பொட்டு வைத்தார்கள், கம்ப்ரசருக்கு வைத்தார்கள். அனுப்பத் தயாராக வரிசையில் நின்ற நாற்பது மூடிகளையும் விடவில்லை. சந்தனமும் குங்குமமும் குழைத்து, வரிசையின் கடைசிவரை அவள்தான் வைத்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு பொட்டுக்கும் வீராசாமியின் மூச்சை நினைத்து முருகனை வேண்டிக்கொண்டாள். மறுநாள் ஈரத்துணியால் அழுந்தத் துடைத்தாள். கண்ணுக்கு நிறம் போய்விட்டது. பீச்சிய உலோகத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு உண்டு. அதற்குள் இறங்கியதைத் துணி எடுக்காது. இது அவளுக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். ஆனால் பொட்டு வைப்பதைத் தொடுவது என்று யார்தான் நினைக்கிறார்கள்!

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பொங்கலுக்குப் பிறகு இரண்டாவது இயந்திரம் வருகிறது. அது அவள் பொறுப்பு என்று ஜெகநாதன் சொல்லியிருந்தார். சொன்னால் இருக்கிற இயந்திரமும் போகலாம். தறிக்கொட்டகைக்குத் திரும்பலாம், மிச்சமிருக்கும் பாதிக் காதையும் கொடுக்கலாம். வெளியே சுதாகர் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தான். அது கிளம்ப மறுத்தது.

"சார், அது நான்தான்," என்றாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"இன்னாம்மா? சத்தமா சொல்லு."

சொன்னாள். பட்டறையே அதிரும்படி சொன்னாள். "அந்தப் பையன் மேல தப்பு இல்ல சார்! பூஜைல பொட்டு வெச்சது நானு! சந்தனம் ஊறிப்போயி பெயிண்டு நிக்கல! முப்பத்தொம்போது என்னுது!"

வெளியே வண்டியை உதைக்கும் சத்தம் நின்றுவிட்டது.

ஜெகநாதன் அவளையே பார்த்தார். "நாப்பது மூடியாச்சே. மீதி ஒண்ணு?"

அவள் குவியலைக் கிளறி ஒரு மூடியைத் தேடி எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அதில் வட்டம் பெரிதாக இருந்தது. பூஜைத் தட்டோடு வந்து, சாமான் வரிசையின் முதல் பொட்டை முதலாளி வைத்து, "மீதிய நீ வெச்சுடும்மா" என்று தட்டை அவள் கையில் கொடுப்பது வருடாவருடம் நடக்கிற பழக்கம்.

ஜெகநாதன் குனிந்து பார்த்தார். தன் கட்டை விரலைப் பார்த்தார். அதை வட்டத்தின்மேல் வைத்துப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. வாசல் பக்கம் திரும்பினார்.

"சுதாகரு, டப்பாவ உள்ள வெச்சுட்டு வா. நாப்பதையும் உரிச்சு மறுபடி அடிக்கணும்."

சுதாகர் உள்ளே வந்து அலசத் தண்ணீர் பிடிக்கப் போனான். பெட்டிமுன் போய் நின்ற யோகலட்சுமியின் கண்களில் தண்ணீர் நிற்காமல் வழிந்தது. ரப்பர் கைக்குள் கை போய்விட்டதால் துடைக்கவும் முடியவில்லை. முதல் மூடியைத் தூக்கிப் பெட்டிக்குள் வைக்க ஆள் வேண்டியிருந்தது. ஜெகநாதன் மேசையிலிருந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார்.