யாளிக்கு ஒரு அர்ச்சனை

நான் எட்டாவது வரை படித்தவள். என் மகள் காஞ்சிபுரத்தில் இங்கிலீஷ் மீடியத்தில் பதினொன்றாவது படிக்கும்போது, தலையணை கனத்தில் ஒரு கதைப் புத்தகம் கொண்டுவந்தாள். உத்திரமேரூர் பஜாரில் துணிக்கடை வைத்திருந்த பாய் வீட்டுப் பெண் அவளுக்குக் கூட்டாளி. புத்தகம் அந்தப் பெண்ணுடையது. அட்டையில் இறக்கை முளைத்த பெரிய மிருகம், அதன் கழுத்தில் ஒரு பெண்.

"இன்னாடி இது, பாம்பா பல்லியா?"

"டிராகன்மா. நம்ம கோயில் தூண்ல யாளி கீதே, அது மாதிரின்னு வெச்சிக்கோ. இது பறக்கும், அவ்ளோதான்."

அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. சாமி வாசலில் நிற்கிற யாளியை நான் வெறும் மிருகமாக நினைத்ததில்லை. பிரகாரம் சுற்றும்போது அதன் காலையும் தொட்டு ஒற்றிக்கொள்கிறவள்.

அன்றிலிருந்து சாயங்காலம் நான் மல்லாட்டை உடைத்துக் கடலை எடுப்பேன், அவள் படித்த வரைக்கும் கதை சொல்லுவாள். யாரும் ஏற மறுத்த ஒரு கிழட்டு யாளி மேல் தாயில்லாத பெண் ஒருத்தி ஏறுகிறாள். இரண்டாவது புத்தகத்தில் சண்டை வந்தது. யாளியின் கண்ணில் ஈட்டி பாய்ந்துவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாகக் கேட்டேன், "எப்பிடிடீ கீது?"

"கீதும்மா. பச்சிலை வெச்சிக் கட்டிக்கீறாங்க."

அதற்கு மறுநாளும் கேட்டேன். கொஞ்சம் தண்ணீர் குடித்ததாம். அப்புறம் ஜுரமாம். நாளுக்கு ஒன்று சொன்னாள்.

கிருத்திகை வந்தது. முருகனிடம் சொல்லிவிடலாம் என்று அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். யார் பேருக்கு அர்ச்சனை என்று குருக்கள் கேட்டார்.

"வாயில்லாத ஜீவன் சாமி. கண்ணுல அடி பட்டுகினு கெடக்குது. ஆயுசு கெட்டியா இருக்கணும்."

"பசுவா? நல்லாயிடும், கவலப்படாதீங்கோ" என்று தட்டை வாங்கிக்கொண்டார். என் மகள் பக்கத்தில் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். என் வீட்டுக்காரர் கேட்டால் சிரிப்பார். இவள் என்னோடு நிற்கிறாளே என்று மனது குளிர்ந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாய் வீட்டுப் பெண் மூன்றாவது புத்தகத்தைக் கொடுக்க வந்தாள். மகள் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தாள். காபி கொடுத்துவிட்டு, "இதுலயாச்சும் அதுக்குக் கண்ணு தெரியுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு ஆன்ட்டி?"

"யாளிக்குத்தான்."

அவள் டம்ளரை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "அது அப்பவே செத்துப்போச்சு ஆன்ட்டி, ஈட்டி குத்துன எடத்துலயே. அப்போ அர்ச்சனை மேட்டர் நெஜந்தானா? கிளாஸ்ல சொன்னா, குருக்கள் மாடுன்னு நெனச்சிக்கினாருன்னு. இவ சும்மா உடுறான்னு நெனச்சோம்."

சிரிக்கத் தொடங்கியவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அவள் போன பிறகு மகள் தலை துவட்டிக்கொண்டு வந்தாள். கேட்டேன்.

"நீ அயுவியோன்னுதாம்மா சொல்லல. நீ கேட்டுக்கினே இருந்த, நானும் சொல்லிக்கினே இருந்தேன்."

"கோயில்ல?"

ஈரத் துண்டைக் கொடியில் போடப் போய்விட்டாள்.

செத்தவர் பேரில் அர்ச்சனை செய்வதில்லை. இது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செத்துக் கிடந்த ஒன்றுக்கு ஆயுசு கேட்க என்னைச் சன்னிதியில் நிறுத்திவிட்டு, தெரிந்தே பக்கத்தில் கைகூப்பியிருக்கிறாள். கிளாஸில் சிரித்ததைக்கூட மறந்துவிடலாம். கூப்பிய அந்தக் கையை என்ன செய்வது? மறுநாள் தனியாகப் போய் முருகனிடம் சொல்லிவிட்டு வந்தேன். இவளிடம் பேசவில்லை.

நாலைந்து நாள் கழித்து, சாயங்காலம் அந்த மூன்றாவது புத்தகத்தோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "இனிமே சரியா சொல்றேம்மா. அந்தப் பொண்ணு இப்போ இன்னா பண்றான்னா..."

"நீ சொல்ல வேணா" என்றேன். "இன்னா எய்திகீதோ அத்தப் படி."

"இங்கிலீஷ்ல கீதும்மா. உனக்குப் புரியாது."

"பரவால்ல. படி."

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு முதல் பக்கத்தைத் திறந்து, இங்கிலீஷில் படிக்கத் தொடங்கினாள். ஒரு வார்த்தையும் எனக்கு விளங்கவில்லை. அவள் வரியைத் தாண்டாமல் படிக்கிறாளா என்று, எழுத்தின் மேல் ஓடிய அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.