இடது கதவில் சாய்ந்து நின்றேன்

பாப்பாரப்பட்டியில் இருபது வருடம் வாடகைக் கார் ஓட்டிக் களைத்து, இடுப்பு வலியும் சேர்ந்துகொள்ள, என் அம்பாசிடரை விற்க முடிவு செய்தேன். ஒருமுறை புளியமரத்தில் மோதி நசுங்கிய இடது கதவைப் பட்டி பூசி மறைத்து, பெயின்ட் அடித்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

வாங்க வந்தவர் ஏரியூர்க்காரர், என்னைவிட இளையவர். பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். தகரம் என்றால் ஒட்டும், பட்டி என்றால் விழுந்துவிடும்.

"பாப்பாரப்பட்டி வண்டியில பட்டி இல்லாம இருக்குங்களா?" என்று சிரித்தபடியே ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தார். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இடது கதவில் சாய்ந்து நின்றேன்.

கடைசியாக என்னிடம் வந்தார்.

"இடுப்பு வலிக்குதுங்களாண்ணா? நீங்க சாஞ்சே நில்லுங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்குது, இந்தக் கதவ மட்டும் பாத்து என்ன ஆவப்போவுது?" என்று காந்தத்தைத் துணியில் சுற்றினார்.

மெல்ல நகர்ந்து நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தார். அது கீழே விழுந்தது.

"நகராமயே நின்னிருக்கலாமேங்கண்ணா," என்றார். வண்டியை வாங்காமல் போய்விட்டார்.

மறுநாளும் இடுப்பு வலியோடு நானே ஓட்டினேன். அந்தக் கதவில் சாய்ந்து நின்ற பத்து நிமிடம் போல எந்தச் சவாரியும் என்னைக் களைக்க வைத்ததில்லை. அடுத்து வண்டி வாங்க வந்தவருக்கு அந்தக் கதவைத்தான் முதலில் காட்டினேன்.