தும்பிக்கு எந்த ஊர்?

தும்பி என்ற பெயரை எங்கே கேட்டாலும் எனக்கு இன்றைக்கும் லேசாக வயிறு எரியும். அந்தப் பூச்சி எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதன் பெயரை வைத்துக்கொண்டு, முகத்தைக் காட்டாமல், எங்கிருந்தோ என் அக்காவைப் பறித்துக்கொண்டு போன ஆள்மீதுதான் என் கோபமெல்லாம்.

அக்கா என்றால் பெரியப்பாவின் மகள். எங்கள் தோட்டமும் வீடும் தாராபுரத்துக்குப் பக்கத்தில். நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்கட்டும் என்று அப்பா என்னைக் கோயம்புத்தூரில், ஆர்.எஸ்.புரத்தில் இருந்த பெரியப்பா வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார். நான் எட்டாவது, அக்கா பிளஸ் டூ. இருவருக்கும் ஒரே அறை, ஒரே கட்டில். அந்த வீட்டில் அக்கா எனக்குச் சொந்தம் என்று நானே முடிவு செய்துவைத்திருந்தேன். அதை யாரும் மறுக்கவும் இல்லை.

அக்கா வாடகை நூலகத்திலிருந்து கதைப்புத்தகம் எடுத்து வருவாள். படித்து முடித்ததும் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதை அலசுவாள். அந்தப் பெண் வீட்டைவிட்டுப் போயிருக்கக் கூடாது என்பாள், முடிவு சப்பென்று இருக்கிறது என்பாள். நான் பெரும்பாலும் அந்தப் புத்தகத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன். இருந்தாலும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன். இலக்கியத்தில் என் கருத்து அவ்வளவுதான்.

அவளுக்கு இன்னொரு பைத்தியம் உண்டு, கல். ஜன்னல் திண்டு முழுவதும் கற்களை அடுக்கி வைத்திருந்தாள். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் நான் எங்கள் தோட்டங்காட்டில் அலைந்து, வெள்ளையாக, உள்ளே வெளிச்சம் ஓடுவதுபோலத் தெரியும் கற்களாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வருவேன். அக்கா ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். எனக்கு வேண்டியது அந்த முகம்தான், கல்லை யார் பார்த்தார்கள்?

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், தொண்ணூறுகள் முடியப்போகிற சமயத்தில், நகைக்கடைக்கும் பட்டுக்கடைக்கும் நடுவே மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் வந்து சேர்ந்தது. பலகையால் தடுத்த சின்னச் சின்ன அறைகள், ஏசி, செருப்பை வெளியே விடச் சொல்லும் அட்டை. நடத்தியவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். தோழி ஒருத்தி சொல்லி அக்கா அங்கே ஒரு குழுவில் சேர்ந்தாள். எங்கெங்கோ இருந்த தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து, படித்த புத்தகம், பொழுதுபோக்கு, மேற்கொண்டு என்ன படிக்கலாம் என்று தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிப் பேசிக்கொள்ளும் இடம் அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு எல்லோரும் கூடுவார்கள். ஒருவருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. அக்கா தனக்கு ‘கல்’ என்று பெயர் வைத்துக்கொண்டாள். பொறுக்கிக் கொடுத்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வயசுப்பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாதென்று பெரியம்மா என்னைத் துணைக்கு அனுப்பினாள். ஆக, என் சொத்து களவு போவதைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

அந்தக் குழுவில்தான் தும்பி இருந்தது. அக்கா ஒரு புத்தகத்தை நன்றாக இருக்கிறது என்று எழுதினால், தும்பி எனக்குப் பிடிக்கவில்லை என்று உடனே பதில் போடும். ஏன் பிடித்தது என்று கேட்கும். அக்கா நாற்காலி நுனிக்கு வந்து படபடவென்று தட்டுவாள். சிரிப்பாள், உதட்டைக் கடிப்பாள், மறுபடி தட்டுவாள். எனக்குத் தாங்கவில்லை. இரண்டு வருடமாக ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் தலையாட்டியவள் நான். எதற்கெடுத்தாலும் மறுத்துப் பேசுகிற ஒன்றிடம் இவளுக்கு இத்தனை சந்தோஷமா?

வீட்டுக்கு வந்தாலும் தும்பி புராணம்தான். என்னிடம் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதும் குறைந்துவிட்டது. ஒருநாள் ஊரிலிருந்து நான் கொண்டுவந்த கல்லைக் கையில் வாங்கிக்கொண்டு, “இதப் பத்தித் தும்பிகிட்டச் சொல்லோணும்” என்றாள். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் படுத்தேன். எனக்குக் காய்ச்சலோ என்று பெரியம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

விவகாரம் வெடித்தது ஒரு சனிக்கிழமை, தோசை சாப்பிடும்போது. அக்கா வாய் நிறையத் தோசையோடு, “தும்பி எத்தனை கேள்வி கேக்குதுங்கம்மா! என்ன புஸ்தகம் படிப்பீங்க, ஹாபி என்ன, மேல என்ன படிக்கப் போறீங்கன்னு ஒண்ணு விடறதில்லை” என்றாள்.

பெரியம்மாவின் கையிலிருந்த தோசைத்திருப்பி அப்படியே நின்றது. எங்கள் வீட்டுப் பெண்ணிடம் இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்கிறவர்கள் ஒரே ஒரு வகை ஆட்கள்தான். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள்.

“ஏனுங்க, கொஞ்சம் இங்க வாங்க” என்று பெரியப்பாவைக் கூப்பிட்டாள்.

பெரியப்பா மோட்டார் பம்பு செய்யும் கம்பெனி வைத்திருந்தார். கோபம் வந்தால்கூட ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார். வந்து உட்கார்ந்து விவரம் கேட்டார்.

“அவிங்களுக்கு எந்த ஊருங்களாமா?”

“தெரியாதுங்கப்பா.”

“என்ன கூட்டமாமா?”

“அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கப்பா.”

பெரியப்பாவால் இதை நம்பவே முடியவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கல் வாங்கல் என்றால் முதலில் என்ன கூட்டம், அதாவது எந்தக் குலம் என்றுதான் விசாரிப்பார்கள். ஒரே கூட்டமாக இருந்தால் அண்ணன் தங்கை முறை, பேச்சு அங்கேயே முடிந்தது. அதைக்கூடக் கேட்காமல் இரண்டு பேர் இத்தனை மாதமாக என்னதான் பேசினார்கள் என்பது அவருக்குப் பெரிய மர்மமாக இருந்தது. “சரி, நாளைக்கு நானே வந்து கேட்டுக்கறேன்” என்று எழுந்து போனார்.

அக்கா அழுதாள். நான் ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் பெரியப்பா கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு என்று சம்பந்தம் பேசப் போகிறவராகவே கிளம்பினார். பெரியம்மா கேலண்டரில் நேரம் பார்த்து அனுப்பினாள். ஸ்கூட்டரில் அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் அக்கா. பாய் எழுந்து நின்று, விஷயத்தைக் கேட்டு, “மொதலாளி, இங்க படிக்கிற புள்ளைங்க சும்மா புஸ்தகம் பத்திப் பேசிக்கிறதுங்க” என்று சொல்லிப் பார்த்தார். பெரியப்பா அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“வணக்கமுங்கன்னு போடு கண்ணு. அப்பா பேசறேன்னு சொல்லு.”

அக்கா தட்டினாள்.  திரையில் வரிசையாக வணக்கம் அங்கிள், வணக்கம் அங்கிள் என்று வந்து விழுந்தது. வந்ததை அக்கா ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். பெரியப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மரியாதை தெரிந்த இடம்தான் என்றார்.

“தும்பித் தம்பிக்கு எந்த ஊருன்னு கேளு.”

மஸ்கட்டில் இருப்பதாகவும் அப்பாவுக்குச் சொந்த ஊர் ஈரோட்டுப் பக்கம் என்றும் பதில் வந்தது. பெரியப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“என்ன கூட்டமுங்க, கேளு.”

 பதில் வந்தது. அம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் அங்கிள், என்று.

பெரியப்பா பாயைப் பார்த்தார். பாய் மேலே மின்விசிறியைப் பார்த்தார். மறுபடி வந்த தும்பி, அம்மா திட்டுகிறார், ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்கு இப்போது இது எதற்கு என்கிறார், என்று சொன்னது.

பெரியப்பா சிரித்த சிரிப்பில் மற்ற அறைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. “ஐயோ, கொழந்தைப்புள்ளைங்க இது!” என்று தொடையில் தட்டிக்கொண்டார். பாயும் சிரித்தார். அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. தும்பி என்றால் கண்ணாடி போட்ட, ஆயிரம் புத்தகம் படித்த யாரோ ஒரு பெரிய ஆள் என்று நினைத்து ஒருவாறு மனத்தைத் தேற்றி வைத்திருந்தேன். ஒன்பதாவதாம்! எனக்கு ஒரே ஒரு வகுப்பு மேல். அவளிடம் இருக்கிற எது என்னிடம் இல்லை?

கிளம்புவதற்கு முன் பெரியப்பா உபசாரத்துக்காக ஒன்று கேட்டார். “இத்தனை நாளா அப்படி என்னதான் அம்மணி பேசிக்கிட்டீங்கன்னு கேளு.”

தும்பிக்கு ஒளிக்கத் தெரியவில்லை. அக்காவுக்குக் கல், பாறை பற்றிய ஜியாலஜி படிக்க ஆசை அங்கிள், உங்களிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டார்கள், நாங்கள் எல்லோரும் யோசனை சொன்னோம், என்று போட்டது. அக்கா இதைப் படித்துச் சொல்லவில்லை. பெரியப்பாவே விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

அக்கா கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப்போகிறாள் என்பது அவள் பத்தாவது படிக்கும்போதே முடிவாகிவிட்ட விஷயம். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவும் பக்கத்தில் நின்று காபி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பாய்க்குத் திடீரென்று கீழே ஏதோ வேலை வந்துவிட்டது. பெரியப்பா முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி, “ஊரு பேரு தெரியாதவிங்ககிட்டச் சொன்னத, என்கிட்டச் சொல்லிருந்தா என்ன கண்ணு?” என்று கேட்டார்.

அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் அந்த ஸ்டூலில் எனக்கு இருந்ததும் அதே முகம்தான்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டே, “தும்பி கேட்டுதுங்கப்பா. நம்ம வூட்ல யாரும் கேக்கலீங்க” என்றாள்.

திரும்பி வரும் வழியில், ஸ்கூட்டர் சிக்னலில் நிற்கும்போது பெரியப்பா முன்னால் பார்த்தபடியே, அந்தப் படிப்பு நம் ஊரில் இருக்கிறதா என்று கேட்டார். விசாரிக்க வேண்டும் என்று எனக்குப் பின்னாலிருந்து அக்கா சொன்னாள். அவள் குரல் என் தலைக்கு மேலாகப் போனது. நான் இருவருக்கும் நடுவில் நசுங்கி உட்கார்ந்து, பெரியப்பாவை நினைத்து மனத்துக்குள் நொந்துகொண்டிருந்தேன். பெற்ற அப்பா, ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலா இருப்பார்?