கடைசிக் கல்லுக்குச் சொன்ன ஸலாம்

இதை நம்பச் சொல்லி ஃபைசான் யாரையும் கேட்டதில்லை. நடந்தது நடந்ததுதான். அதுவும் நல்ல வெளிச்சத்தில் நடந்தது.

மனைவி அஞ்சும் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அம்மி என்று அவள் கூப்பிட்ட தாயை அடக்கம் செய்யக் கபரஸ்தானுக்கு எடுத்துப் போன நாளிலிருந்து ஆறு வயது மகள் நிக்கத் ஒரு வார்த்தை பேசவில்லை. காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் டாக்டர்கள் பார்த்துக் கைவிரித்துவிட்டார்கள். பிரான்சில் இருக்கும் அக்கா ஜுபைதா டிக்கெட்டே எடுத்து அனுப்பினாள். அவள் கணவர் மொஹசின் கார் ஓட்ட, கிராமம் கிராமமாகக் கோட்டை, பாலம், பழைய சர்ச் என்று சுற்றினார்கள். நம்ம கைலாசநாதர் கோயில் மாதிரியே கல்லு அரிச்சிருக்குது பாருபா என்று அவர் காட்டுவார். ஃபைசான் பார்ப்பான். அவனுக்கு எல்லாமே வெறும் கல்.

நான்காம் நாள், கூரை விழுந்த ஒரு பழைய கிறிஸ்தவ மடம். தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள். ஊரில் வெள்ளிக்கிழமைதோறும் அம்மியின் கபருக்குப் போனால் ஃபைசான் ஸலாம் சொல்வான். நிக்கத் சும்மா நிற்பாள். அன்று முதல் கல்லின் முன்னால் போய் நின்று வாய் திறந்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

ஒவ்வொரு கல்லுக்கும் சொல்லிக்கொண்டே போனாள். "அவங்க நம்ம ஆளுங்க இல்லடி செல்லம்" என்று ஜுபைதா தடுக்கப் போனாள்.

"விடு ஆபா. பேசட்டும்."

கடைசிக் கல் தனியாகச் சுவரோரம் கிடந்தது. பெயர் தேய்ந்திருந்தது. அதற்கும் ஸலாம் சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்தாள். காத்திருந்தாள்... பிறகு சிரித்தாள்.

காரில் ஓயாத பேச்சு. முணுமுணுப்பாக, நடுநடுவே நிறுத்தி, யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டு. ஜுபைதா சந்தோஷத்தில் அழுதாள். இனிமே டீச்சருங்க பாடு திண்டாட்டம்தான் என்று மொஹசின் கிண்டல் செய்தார். நிக்கத் கதவோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவ்வளவு இடம் காலியாக இருந்தது.

தங்கியிருந்த வீட்டில், தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்கி வைத்தாள். யாருக்கு என்று ஃபைசான் கேட்கவில்லை. கேட்டு, அவள் மறுபடி வாயை மூடிக்கொண்டால்?

மணி ஒன்பதரை. கோடையில் அந்த ஊரில் அப்போதும் வெளிச்சம். அவள் படுத்திருந்த அறைக்குள் நுழையும்போது பழக்கத்தில் ஸலாம் சொன்னான்.

"வ அலைக்கும் ஸலாம்."

பதில் வந்தது. நிக்கத்தின் உதடு அசையவில்லை.

அஞ்சுமின் குரல். அவளுடைய அதே இழுப்பு.

பயம் வரவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்தான்.

"அஞ்சும்...?"

நிக்கத் கண் திறந்தாள்.

"அது அம்மி இல்லப்பா. அம்மி மாதிரி பேசுது."

ஃபைசான் அறையைச் சுற்றிப் பார்த்தான்.

"அம்மி வெளியில நின்னுக்கினு இருக்காங்க. இது உள்ள விட மாட்டேங்குது."

ஜன்னல் கண்ணாடியில்... டக். டக்.

அது மாடி அறை.

"இதைப் போகச் சொல்லலாமா?"

"போனா என் பேச்சையும் எடுத்துக்கினு போயிடுமாம்."

டக்.

ஃபைசான் எழுந்து போய்த் திரையை இழுத்து மூடினான்.

ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. நிக்கத் பள்ளிக்குப் போகிறாள். வகுப்பில் வாயாடி என்று பெயர் வாங்கியிருக்கிறாள். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கலாவதி போன வாரம் அவனைத் தெருவில் நிறுத்தினார். அஞ்சுமை அவர் பார்த்ததே இல்லை.

"தப்பா நினைச்சிக்காதபா. தினமும் சாயங்காலம் பாங்கு சொல்ற நேரத்துக்கு ஒரு பொண்ணு உன் வாசல்ல நின்னுக்கினு கதவைத் தட்டுது. காலெல்லாம் மண்ணு. ஒரு நாளாவது திறக்கக் கூடாதா?"

எந்தப் பெண் என்று அவன் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு உள்ளே வந்தான்.

அறைக்குள் நிக்கத் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பாங்கு ஆரம்பித்தது.

ஃபைசான் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தான். போட்டிருந்தது.